கிளவுடில் ஓடும் இணையச் செயலியும் டிடாஸ் தாக்குதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தெரிந்தவர்களின் சைட் எங்காவது விழுந்தால் எனக்குப் போன் வரும். பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான் என்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை விட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்கின்றன.

டிடாஸ்னா சைட்டை ஹேக் பண்ணிட்டாங்கன்னு அர்த்தமா? டேட்டா போயிடுமா?

இல்லை. ஹேக் என்றால் உள்ளே நுழைவது. டிடாஸ் என்பது வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது. பொய்யான கோரிக்கைகளைக் கொட்டி, உண்மையான பயனருக்குப் பதில் போகாமல் செய்வதுதான் நோக்கம். ஒரே இடத்திலிருந்து வந்தால் டாஸ், ஆயிரக்கணக்கான கருவிகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்தால் டிடாஸ். இதனால் மட்டும் தரவு வெளியே போகாது. ஆனால் எல்லோருடைய கவனமும் நெரிசலின் மேல் இருக்கும்போது வேறு வழியாக நுழையப் பார்ப்பவர்களும் உண்டு. அதனால் அட்மின் லாகின் பதிவுகளை அந்த நேரத்தில் ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த வகை டிடாஸாக இருந்தாலும் அது பிடிப்பது ஒரே பலவீனத்தைத்தான்: கேட்பவருக்கு ஆகும் செலவு சொற்பம், பதில் சொல்பவருக்கு ஆகும் செலவு அதிகம். உங்கள் செயலியில் இந்த இடைவெளி எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கேதான் அடி விழும்.

நாங்க சின்ன சைட்தான். எங்களை யார் தாக்கப் போறாங்க?

தாக்குவதற்குத் திறமையே வேண்டாம் என்பதுதான் பிரச்சினை. பணம் கொடுத்தால் நமக்காகத் தாக்கித் தரும் சேவைகள் இருக்கின்றன. பூட்டர், ஸ்ட்ரெஸர் என்று சொல்வார்கள். 2018 ஏப்ரலில் காவல்துறைகள் சேர்ந்து மூடிய வெப்ஸ்ட்ரெஸர் என்ற ஒரே சேவையில் மட்டும் 1,36,000-க்கும் மேற்பட்ட பயனர்கள் பதிந்திருந்தார்கள். கோபத்தில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர், போட்டியாளர், விளையாட்டில் தோற்ற ஒரு சிறுவன் என யார் வேண்டுமானாலும் அப்படிப்பட்ட ஒரு பட்டனை அழுத்த முடியும்.

உங்களைக் குறி வைக்காமலேயே நீங்கள் விழவும் கூடும். 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை, அதாவது சைட்டின் பெயருக்கு முகவரி சொல்லும் நிறுவனத்தை, மிராய் என்ற பாட்நெட் (களவாகக் கைப்பற்றிய கருவிகளின் படை) தாக்கியது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களும் வீடியோ பதிவுப் பெட்டிகளும்தான் அந்தப் படை. டின்னை நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தத் தளங்களின் சர்வர்களில் ஒரு கோளாறும் இல்லை. பெயரைச் சொன்னால் முகவரி சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். முக்கியமான டொமைனுக்கு இரண்டு டிஎன்எஸ் நிறுவனங்களை வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

நாங்க கிளவுட்லதானே இருக்கோம். அவங்களே பார்த்துக்க மாட்டாங்களா?

பாதியைப் பார்த்துக்கொள்வார்கள். குழாயை நிரப்பும் வகைத் தாக்குதலை, அதாவது வெறும் பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) வெள்ளத்தை, பெரிய கிளவுட் நிறுவனங்கள் உங்களிடம் கேட்காமலேயே தடுக்கின்றன. அமேசானின் ஷீல்ட் ஸ்டாண்டர்ட் கூடுதல் கட்டணம் இல்லாமல் எல்லோருக்கும் உண்டு. 2020 பிப்ரவரியில் நொடிக்கு 2.3 டெராபிட் அளவுக்கு வந்த தாக்குதலை அமேசான் சமாளித்தது. அந்த அளவை நாம் சொந்தமாக வாங்கும் எந்த ஃபயர்வாலும் தாங்காது.

மீதிப் பாதி உங்களுடையது. ஒழுங்கான கனெக்ஷன் போட்டு, ஒழுங்கான எச்டிடிபிஎஸ் கோரிக்கையாக உங்கள் தேடல் பக்கத்தை நொடிக்கு ஐந்நூறு முறை கேட்டால், அது தாக்குதலா வியாபாரமா என்று கிளவுட் நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தப் பக்கம் கனமானது, எது லேசானது என்று தெரிந்தவர் நீங்கள் மட்டும்தான்.

லேயர் 3, லேயர் 4, லேயர் 7னு எல்லாரும் சொல்றாங்க. சுருக்கமா என்ன வித்தியாசம்?

லேயர் என்பது இணையத் தொடர்பின் ஓர் அடுக்கு. லேயர் 3, 4 தாக்குதல்கள் நெட்வொர்க்கை அடிக்கின்றன. சின் ஃப்ளட் இதில் பழையது. இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்டை மட்டும் அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். சர்வர் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் இடம் போட்டுக் காத்திருக்கும். 1996-இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த சின் குக்கீ இதைத் தீர்த்தது: கைகுலுக்கல் (இணைப்பை உறுதிசெய்யும் பாக்கெட் பரிமாற்றம்) முடியும்வரை இடமே போடாதே, பதிலுக்குள்ளேயே கணக்கை எழுதி அனுப்பு. இன்னொரு வகை, எதிரொலிப்புத் தாக்குதல். உங்கள் முகவரியைப் பொய்யாகப் போட்டு வேறொரு சர்வரிடம் சின்னக் கேள்வி கேட்பார்கள். பெரிய பதில் உங்கள் தலையில் வந்து விழும். 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் மீது நொடிக்கு 1.35 டெராபிட் வந்தது இப்படித்தான். இணையத்தில் திறந்து கிடந்த மெம்கேஷ்டு என்ற தற்காலிகச் சேமிப்பு சர்வர்கள் 15 பைட் கேள்விக்கு 750 கிலோபைட் வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

லேயர் 7 என்பது செயலியையே அடிப்பது. இங்கே ஒரு விஷயம் நமக்குச் சாதகம். டிசிபி இணைப்பு முழுமையாகாமல் எச்டிடிபி கோரிக்கை அனுப்ப முடியாது என்பதால், கண்ணில் படும் ஐபி, அதாவது இணைய முகவரி, பொய்யாக இருக்காது. ஆனால் அது தாக்குபவருடைய சொந்த ஐபி என்று அர்த்தமில்லை. யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டராகவோ வாடகைக்கு எடுத்த ப்ராக்ஸியாகவோ (இடையில் நின்று கோரிக்கையைக் கடத்தும் சர்வர்) இருக்கும்.

ஆட்டோஸ்கேலிங் போட்டிருக்கோம். அது போதாதா?

போதாது. கூட்டம் கூடினால் சர்வர்களின் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டுவதுதான் ஆட்டோஸ்கேலிங். அது சில நேரம் நிலைமையை மோசமாக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு செயலியில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அலாரம். லாகை, அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவை, திறந்தால் வரிவரியாகத் தேடல் பக்கம்: தேடும் சொல் ஒரே ஓர் எழுத்து, பக்க எண் 4817. அடுத்த வரியில் அதே எழுத்து, பக்க எண் 9120. அதற்கடுத்து 7733. மனிதர் யாரும் ஒன்பதாயிரமாவது பக்கம்வரை புரட்ட மாட்டார். அந்தப் பக்கத்தைக் காட்ட டேட்டாபேஸ் அதற்கு முந்தைய அத்தனை வரிகளையும் எண்ணித் தள்ளிவிட்டு வர வேண்டும். கேட்பவருக்கு ஒரு வரி. எங்களுக்கு நான்கு நொடி.

ஆட்டோஸ்கேலிங் தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான்கு சர்வர் நாற்பதானது. ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்கு இருபது இணைப்பு திறந்தது. டேட்டாபேஸின் வரம்போ ஐந்நூறு. தேடலால் திணறிக்கொண்டிருந்த டேட்டாபேஸ், இணைப்புகளின் எண்ணிக்கையால் முழுதாக விழுந்தது. நன்றாக இருந்த லாகின் பக்கமும் கூடவே போனது. பக்க எண்ணுக்கு ஐம்பது என்று மேல்வரம்பு வைத்ததும் எல்லாம் அடங்கியது. ஒரே ஒரு நிபந்தனை வரி, அதை முன்பே எழுதியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஆட்டோஸ்கேலிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. உச்சவரம்பு வையுங்கள். அந்த வரம்பில் உள்ள எல்லா சர்வர்களையும் டேட்டாபேஸ் தாங்குமா என்று பெருக்கிப் பாருங்கள்.

அப்போ பில் எகிறிடுமே? அதை யார் கட்டுறது?

நீங்கள்தான். சைட் விழாமல் நின்றாலும், வெளியே போகும் டேட்டாவுக்கும் சர்வர்லெஸ் ஃபங்ஷன் (அழைக்கும்போது மட்டும் ஓடும் நிரல்) அழைப்புகளுக்கும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். சிலர் சைட்டை விழவைக்க அல்ல, பில்லை ஏற்றவே தாக்குகிறார்கள். பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அது தகவல் மட்டும்தான். தானாக எதையும் நிறுத்தாது, செலவுக் கணக்கு வந்து சேரவே மணிக்கணக்கில் தாமதமாகும். ஃபங்ஷன்களுக்கு ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்ற வரம்பை வைப்பதுதான் உண்மையான தடுப்பு. ஷீல்ட் அட்வான்ஸ்டு போன்ற கட்டணத் திட்டங்களில், தாக்குதலால் ஏறிய பில்லுக்கு ஈடு கேட்க வழி உண்டு. சைட்டுக்கு முன்னால் நின்று காக்கும் சேவையான கிளவுட்ஃபிளேர் 2017 முதல் தாக்குதலின் அளவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதில்லை. சில வாஃப் (இணையச் செயலிக்கான ஃபயர்வால்) சேவைகளில் தடுத்த கோரிக்கைக்கும் கட்டணம் உண்டு, அதனால் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

சிடிஎன் போட்டாச்சு. ஆனாலும் சர்வர் விழுந்துடுச்சு. எப்படி?

சிடிஎன் என்பது உங்கள் பக்கங்களின் நகலை வைத்துக்கொண்டு, உங்கள் சர்வருக்கு முன்னால் நின்று பதில் சொல்லும் சர்வர்களின் வலை. அப்படியும் விழுந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். முதலாவது, உங்கள் மூல சர்வரின் ஐபி வெளியே தெரிந்திருக்கிறது. சிடிஎன் போடுவதற்கு முன்பிருந்த டிஎன்எஸ் பதிவுகள் வரலாறாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதே சர்வரிலிருந்து மெயில் அனுப்பினால் மெயிலின் தலைப்பிலேயே (ஹெடரில்) ஐபி இருக்கும். சோதனைக்காக வைத்த துணை டொமைன், எச்டிடிபிஎஸ் சான்றிதழ்களைப் பகிரங்கமாகப் பட்டியலிடும் சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவுகளில் யாரும் தேடிப் படிக்கும்படி கிடக்கும். ஐபி கிடைத்துவிட்டால் முன்வாசலில் நிற்கும் காவலாளியைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. எனவே ஐபியை ஒளித்துவைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். மூல சர்வரின் ஃபயர்வாலில் சிடிஎன்னின் ஐபி வரம்புகளை மட்டும் அனுமதியுங்கள். சிடிஎன்னும் உங்கள் சர்வரும் மட்டும் அறிந்த ஓர் அடையாளத்தை, ரகசியத் தலைப்பாகவோ சான்றிதழாகவோ, ஒவ்வொரு கோரிக்கையிலும் சரிபாருங்கள். ஐபி ஏற்கெனவே வெளியாகியிருந்தால் அதை மாற்றியும் விடுங்கள்.

இரண்டாவது, கேஷ் (சேமித்து வைத்த நகல்) பயன்படாமல் போயிருக்கிறது. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்தால், சிடிஎன் அதைப் புதிய பக்கம் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் உங்கள் சர்வரிடம் வரும். கேள்விக்குறிக்குப் பின் வரும் அளவுருக்களில் உங்கள் பக்கம் எவற்றைப் பயன்படுத்துகிறதோ அவற்றை மட்டும் கேஷ் சாவியில் (நகலை அடையாளம் காணும் பெயரில்) சேர்த்து, மற்றதைக் கழற்றிவிடுங்கள்.

ரேட் லிமிட் எவ்வளவு வைக்கணும்? ஒரு நம்பர் சொல்லுங்க.

ரேட் லிமிட் என்பது குறிப்பிட்ட நேரத்தில் ஒருவர் எத்தனை கோரிக்கை அனுப்பலாம் என்ற வரம்பு. அதற்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. நான் செய்வது இது: இரண்டு வார லாகை எடுத்து, பரபரப்பான நேரத்தில் ஒரு பயனர் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை கோரிக்கை அனுப்புகிறார் என்று பக்கவாரியாகப் பார்ப்பேன். அதைப்போல் இரண்டு மூன்று மடங்கில் தொடங்குவேன். முழு சைட்டுக்கும் ஒரே எண் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. படக்கோப்புக்கு நிமிடத்துக்கு முந்நூறு சாதாரணம்; பாஸ்வேர்ட் மறந்த பக்கத்துக்கு ஐந்தே அதிகம். மீறுபவருக்கு 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) என்ற பதிலையும், எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்ற தலைப்பையும் அனுப்புங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் ரேட் லிமிட் வழக்கமாக 503 அனுப்பும், மாற்றிக்கொள்ளுங்கள். 503 பார்த்தால் சர்வரே பழுது என்று உங்கள் மானிட்டரிங் பதறும்.

யாரை எண்ணுகிறோம் என்பது இன்னும் முக்கியம். மொபைல் நெட்வொர்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள், அதனால் லாகின் செய்தவர்களைக் கணக்கு வாரியாக எண்ணுங்கள். புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் நிலைமை தலைகீழ்: ஒருவரிடமே எண்ணிலடங்கா முகவரிகள் இருக்கும், எனவே /64 தொகுதியை (முதல் 64 பிட் ஒன்றாக உள்ள முகவரிகளை) ஒரே ஆளாக எண்ணுங்கள். அப்புறம் கோரிக்கை எந்த ஐபியிலிருந்து வந்தது என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பை அப்படியே நம்ப வேண்டாம், யார் வேண்டுமானாலும் அதில் எதையும் எழுதி அனுப்பலாம். உங்கள் சொந்த ப்ராக்ஸி சேர்த்த பகுதியை மட்டும் எடுங்கள். இதைக் கவனிக்காத சைட்டில் தாக்குபவர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது ஐபியை எழுதிக்கொண்டு போய்விடுவார்.

தாக்குற ஐபியை ஒவ்வொண்ணா பிளாக் பண்ணா போதாதா? இல்லேன்னா வெளிநாட்டு ஐபி எல்லாத்தையும் தடுத்துட்டா?

ஐந்தாறு ஐபி என்றால் பிளாக் செய்யுங்கள். ஐயாயிரம் என்றால் நீங்கள் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் வேறு ஐயாயிரம் வரும். ஐபிக்குப் பதிலாகக் கோரிக்கையின் சாயலைத் தடுங்கள்: ஒரே மாதிரி பிரவுசர் பெயர், ஒரே டிஎல்எஸ் கைரேகை (மறையாக்க இணைப்பைத் தொடங்கும் விதம்), ஒரே வினோதமான அளவுரு. நாட்டுவாரித் தடுப்பு அரை மணி நேரத்துக்கு மூச்சு விட உதவும். நிரந்தரமாக வைத்தால் பயணத்தில் இருக்கும் உங்கள் பயனரும், வெளிநாட்டிலிருந்து வரும் பேமென்ட் தகவல்களும் சேர்ந்து அடைபடும்.

எல்லாப் பக்கத்துக்கும் கேப்சா போட்டா சரியாகிடுமா?

பிரவுசரில் திறக்கும் பக்கங்களுக்கு, தாக்குதல் நேரத்தில் மட்டும், சரி. ஏபிஐக்கும் (நிரலும் நிரலும் பேசும் வழி) மொபைல் செயலிக்கும் சரிவராது. படத்தில் பேருந்து எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே கண் இல்லை. அந்த வழிகளுக்கு டோக்கன் (லாகின் செய்தவருக்குத் தரும் அடையாளச் சீட்டு) சரிபார்ப்பும் கணக்குவாரி ரேட் லிமிட்டும்தான். டோக்கன் சரிபார்ப்பை டேட்டாபேஸைத் தொடாமலேயே செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. பொய் டோக்கனை நிராகரிக்கும் வேலையே உங்களுக்குப் பாரமாகிவிடக் கூடாது.

திடீர்னு ட்ராஃபிக் கூடுது. தாக்குதலா, நிஜக் கூட்டமான்னு எப்படித் தெரியும்?

நிஜ மனிதர் ஒரு பக்கத்தைத் திறந்தால் கூடவே ஸ்டைல் கோப்பு, படங்கள், எழுத்துரு எல்லாம் கேட்கப்படும். கொஞ்ச நேரம் படிப்பார். வேறு பக்கம் போவார். பாதியில் மூடிவிடுவார். தாக்குதலில் ஒரே பக்கம், படம் எதுவும் கேட்கப்படாது, இடைவெளி சீராக இருக்கும், எங்கிருந்து வந்தார் என்ற குறிப்பு காலியாகவோ எல்லாவற்றிலும் ஒரேபோலவோ இருக்கும். நன்றாக எழுதிய பாட் இவற்றில் சிலவற்றைப் பாவனை செய்யும், எல்லாவற்றையும் செய்வது அரிது.

மூன்றாவது சாத்தியம் ஒன்று உண்டு: உங்கள் சொந்தச் செயலியே தாக்கலாம். சர்வர் ஒரு நிமிடம் தடுமாறும்போது, எல்லா மொபைல்களும் ஒரு நொடிக்கு ஒருமுறை மறுபடி முயன்றால் அது எழவே எழாது. மறுமுயற்சிக்கான இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகட்டும். அதில் கொஞ்சம் தற்செயலையும் கலந்துவிடுங்கள்.

ட்ராஃபிக் கம்மியாதான் இருக்கு. ஆனா சர்வர் பதில் சொல்ல மாட்டேங்குது. இதுவும் டாஸா?

இருக்கலாம். 2009-இல் வெளியான ஸ்லோலோரிஸ் அப்படிப்பட்டது. கோரிக்கையின் தலைப்பை ஒரேயடியாக அனுப்பாமல், சில நொடிக்கு ஒரு வரி என்று சொட்டுச் சொட்டாக அனுப்பும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஆளை ஒதுக்கும் பழைய அப்பாச்சி வெப் சர்வர் அமைப்பில், ஒரே ஒரு கணினி எல்லா ஆட்களையும் காத்திருக்க வைத்துவிடும். முன்னால் ஒரு லோட் பேலன்ஸர் (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துத் தருவது) நின்று, முழுக் கோரிக்கையும் வந்த பிறகே உள்ளே அனுப்பினால் இது பெரும்பாலும் தீரும். டைம்அவுட்களையும் குறையுங்கள்.

மற்ற காரணங்கள் எல்லாம் தொடக்கத்தில் சொன்ன செலவு இடைவெளிதான். சில ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரங்கள்) குறிப்பிட்ட எழுத்துத்தொடரைக் கண்டால் சிபியுவை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். கிராஃப்க்யூஎல் என்ற வினவல் மொழியில் நண்பரின் நண்பரின் நண்பர் என்று பத்து அடுக்குக் கேட்டால் ஒரே கோரிக்கை பல லட்சம் வரியைப் புரட்டும். ஆழத்துக்கு வரம்பு வையுங்கள். பாஸ்வேர்ட் ஹாஷ் (பாஸ்வேர்டை மறைத்துச் சேமிக்கும் கணக்கீடு) வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்டது என்பதால் லாகின் பக்கமும் இந்தப் பட்டியலில் வரும்.

ரேபிட் ரீசெட்னு படிச்சேன். அது நம்மைப் பாதிக்குமா?

ரேபிட் ரீசெட் என்பது எச்டிடிபி/2 என்ற இணைய நெறிமுறையைப் பயன்படுத்தும் தாக்குதல். அந்த நெறிமுறையில் ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை ஒன்றாக அனுப்பலாம், வேண்டாம் என்றால் ரத்தும் செய்யலாம். கோரிக்கையை அனுப்பி உடனே ரத்து, மறுபடி அனுப்பி ரத்து என்று போனால், திறந்திருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை வரம்பைத் தொடவே தொடாது; சர்வர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேலையைத் தொடங்கிக்கொண்டே இருக்கும். 2023 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் தாக்குதல்களில் கூகுள் பார்த்த உச்சம் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கை. கிளவுட்ஃபிளேர் 20.1 கோடியைப் பார்த்தது. அக்டோபர் 10 அன்று இந்தக் குறையை சிவிஇ-2023-44487 என்ற பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணில் வெளியிட்டார்கள். பெரிய சிடிஎன், லோட் பேலன்ஸருக்குப் பின்னால் இருந்தால் அவர்கள் சரிசெய்துவிட்டார்கள். எச்டிடிபி/2 இணைப்பை நேரடியாக ஏற்கும் சர்வரை நீங்களே வைத்திருந்தால், அதன் பதிப்பு அந்தத் தேதிக்குப் பிந்தையதா என்று இன்றே பாருங்கள்.

வாஃப் ரூல் போட்டா நம்ம ஆளுங்களையே தடுக்குதே?

தடுக்கும். அதனால் புது ரூலை முதலில் எண்ணிக்கை மட்டும் எடுக்கும் நிலையில் ஓடவிட்டு, யார் சிக்குகிறார்கள் என்று சில நாள் பாருங்கள். ஆனால் அந்த நிலையிலும் ரூல் ஓடத்தான் செய்கிறது என்பதை மறக்க வேண்டாம். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர், சோதனை நிலையில் வைத்த ஒரு ரூலை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அனுப்பியது. அதிலிருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் சிபியுவை நூறு சதவீதத்துக்குக் கொண்டுபோய், சுமார் 27 நிமிடம் அவர்கள் தாங்கிநின்ற சைட்கள் பிழை காட்டின. எந்த ரூலையும் சிறு பகுதிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுப் பரப்புங்கள்.

இப்போ தாக்குதல் நடந்துட்டே இருக்கு. முதல்ல என்ன செய்யணும்?

சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். கேஷ் காலியாகி, எழுந்த உடனே இன்னும் வேகமாக விழும். எந்தப் பக்கம் அடிபடுகிறது என்று பத்து நிமிடத்து லாகைப் பிரித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் அணையுங்கள் அல்லது பழைய நகலைக் காட்டுங்கள். தேடல் இல்லாமல் கடை நடக்கும். லாகின் இல்லாமல் நடக்காது. எதை எதை எந்த வரிசையில் துறக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைத்திருப்பவர்கள் அந்த இரவைக் கடந்துவிடுகிறார்கள். பிறகு ரேட் லிமிட்டை இறுக்குங்கள், சாயலைத் தடுங்கள், கிளவுட் நிறுவனத்தின் உதவிப் பிரிவைக் கூப்பிடுங்கள். பயனர்களுக்குச் செய்தி சொல்லும் பக்கம் வேறு இடத்தில் ஓட வேண்டும்.

லோட் பேலன்ஸரின் ஹெல்த் செக் டேட்டாபேஸைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். தொட்டால், டேட்டாபேஸ் திணறும்போது நல்ல சர்வர்களையும் செத்ததாக நினைத்து அது வெளியே தள்ளும், மிச்சமிருப்பவற்றின் மேல் பாரம் ஏறும்.

பணம் கொடுக்கலேன்னா தாக்குவோம்னு மெயில் வந்திருக்கு. கொடுத்துடலாமா?

கொடுக்காதீர்கள். பணம் கொடுப்பவர் என்ற பட்டியலில் பெயர் ஏறும், அவ்வளவுதான் கிடைக்கும். மெயிலைத் தலைப்புகளோடு சேமித்து, போலீசில் புகார் கொடுத்து, கிளவுட் நிறுவனத்துக்கும் சொல்லிவையுங்கள். மிரட்டல்களில் பல வெறும் மெயிலோடு நின்றுவிடும். ஆனால் அலட்சியமும் வேண்டாம்: 2020 ஆகஸ்டில் நியூசிலாந்து பங்குச்சந்தையில் டிடாஸால் அடுத்தடுத்த நாட்கள் வர்த்தகம் நின்றது. மெயில் வந்த அன்றே மூல சர்வரின் ஃபயர்வாலையும், முந்தைய பதிலில் சொன்ன சுவிட்சுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

நாங்களே தாக்கிப் பார்த்து டெஸ்ட் பண்ணலாமா?

பூட்டரை வாடகைக்கு எடுத்து உங்கள் சைட்டையே அடித்தாலும் குற்றமாகலாம், ஏனென்றால் அந்தப் பாக்கெட்டுகள் மற்றவர்களுடைய கருவிகளிலிருந்து மற்றவர்களுடைய நெட்வொர்க் வழியாக வருகின்றன. கிளவுட் நிறுவனங்களும் டிடாஸ் ஒத்திகைக்கு முன் அனுமதி கேட்கின்றன. அமேசான் அதை அங்கீகரித்த கூட்டாளிகள் மூலம் செய்யச் சொல்கிறது.

சாதாரண லோட் டெஸ்ட்டை சோதனைச் சூழலில், அவர்களுடைய விதிகளுக்குள் தாராளமாகச் செய்யலாம். முகப்புப் பக்கத்தை அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது கேஷிலிருந்து வரும். லாகில் சராசரிப் பதில் நேரம் அதிகமுள்ள ஐந்து பக்கங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். தேடல் பக்கம் நொடிக்கு 35 கோரிக்கையில் தடுமாறத் தொடங்குகிறது என்று தெரிந்தால், ரேட் லிமிட் கேள்வியில் நீங்கள் கேட்ட நம்பருக்கு மேல்வரம்பு அதுதான். அதற்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தி, எல்லாப் பயனரும் சேர்ந்து அந்தப் பக்கத்துக்கு நொடிக்கு 25-ஐத் தாண்டக் கூடாது என்று வையுங்கள்.